மூலப்பத்திரம்

முத்திரைத்தாள்களுக்கு நடுவே
ஒரு துண்டுச் சீட்டு வைத்துக் கொடுத்தீர்கள், சென்றாயன்.
"ஆபரேஷன் ரொம்ப வலிக்குமா மேடம்?"
வாய்விட்டுக் கேட்க முடியாத நோய்தான்.
குடலிறக்கம் என்று சொல்லித்தான் நானும் போனேன்.
உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ,
என் நாற்காலியில் புதிதாய் வந்த
நடுவில் ஓட்டை போட்ட மெத்தை சொல்லியிருக்கும்.

எழுதித் தருகிறேன்.
படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ஆயுசுக்கும் அடுத்தவர் நிலத்துக்கு
நான்கெல்லை எழுதியவள் நான்.
இதற்கு எல்லை சொன்னவர் டாக்டர்,
கடிகாரம் வைத்து:
மூன்று மணி, ஏழு மணி, பதினோரு மணி.

பெண் மூலம் நிர்மூலம் என்று
மூன்று ஜாதகம் திரும்பிப் போனது எனக்கு.
அது நட்சத்திரம் கொடுத்தது,
இது நாற்காலி கொடுத்தது.
இரண்டாவதற்கு வைத்தியம் உண்டு.

ஐந்து ரோடு பக்கம் ஆஸ்பத்திரி.
முந்தின ராத்திரி பட்டினி.
காலையில் எனிமா கொடுக்க வரும் பியூலாவுக்கு
உங்கள் மகள் வயசுதான் இருக்கும்,
ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருபவள்.
அவள் முகம் சுளிக்கவில்லை. சுளித்தது நான்.

குனிந்து உட்காரச் சொல்வார்கள்,
தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி.
பத்திரம் எழுதக் குனிவது போலத்தான்.
முதுகில் ஒரு ஊசி.
பிறகு இடுப்புக்குக் கீழே
கிரையம் முடிந்த நிலம்:
பார்க்கலாம், தொடலாம், உங்களுடையது இல்லை.

கால்களைத் தூக்கிக் கட்டும்போது
வெட்கம் ஒரு தரம் எழுந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.
டாக்டர் மயக்க மருந்துக்காரரிடம்
மல்கோவா என்ன விலை என்று கேட்பார்.
நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கால் மணி நேரம். அறுவை அவ்வளவுதான்.
மீதி எல்லாம் அதற்கப்புறம்.

ராத்திரி, கட்டைவிரலில் தொடங்கிக்
கால் திரும்பி வரும்.
வலியும் கூடவே குடியேறும்.
ஒன்றுக்கு வராது.
குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்கள்,
சத்தம் கேட்டு வரும்.
எனக்கு மூன்றரை மணிக்கு வந்தது.
அதுவரை ஜன்னலில் மலை.
ஏதோ ஒரு வண்டியின் விளக்கு
கொண்டை ஊசி வளைவில் அணைந்து
இன்னும் மேலே போய் எரிந்தது.
இருபது வளைவாம். ஒன்பது வரை எண்ணினேன்.

வீட்டுக்கு ஆட்டோவில் போகாதீர்கள்.

முதல் தரம் போவதுதான் எல்லோருக்கும் பயம்.
பயந்து சாப்பிடாமல் கிடந்தேன் நான்.
அதைச் செய்யாதீர்கள், இன்னும் இறுகும்.
கண்ணாடித்தூள் போல இருக்கும் என்று பக்கத்துக் கட்டில் சபுரா சொன்னாள்.
பொய்யில்லை.
ஆனால் ஐந்து நிமிஷக் கண்ணாடி,
மறுநாள் நான்கு.
ரத்தம் கொஞ்சம் சொட்டும், பதறவேண்டாம்.
நிற்காமல் வந்தால், காய்ச்சல் அடித்தால்,
நேரம் பார்க்காமல் போன் பண்ணுங்கள்.

இசப்கோலைக் கரைத்ததும் குடித்துவிடணும்,
யோசித்தால் கூழாகிவிடும்.
தட்டுவடை செட் போடும் தெருவை
ஒரு மாசத்துக்குச் சுற்றிப் போங்கள்.

வெந்நீர் டப்பில் உட்காரணும், நாளுக்கு மூன்று வேளை.
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினேன், நீல டப்.
யாருக்கு என்று கேட்டார் கடைக்காரர்.
"குழந்தைக்கு" என்றேன்.
கழுத்தைப் பார்த்தார்.

அந்த டப்பில் ஒரு நாள் அழுதேன்.
வலிக்காக இல்லை.
நாற்பத்தாறு வயசில் முதல் முறையாகப்
பதினைந்து நிமிஷம்
யாருமே என்னைக் கூப்பிடவில்லை.

முழுசாய் ஆற ஆறு வாரம் ஆனது எனக்கு.
வில்லங்கம் ஏதுமில்லை என்று எழுதமாட்டேன்,
எல்லாப் பத்திரத்திலும் எழுதுகிற வரி அது.
இப்போதும் தும்மும்போது
ஒரு கை மேஜையைப் பிடித்துக்கொள்கிறது.

டப்பைத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன்.
வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடியதும் வாருங்கள்,
பேப்பரில் சுற்றித் தருகிறேன்.
வழியில் யாராவது கேட்டால்
குழந்தைக்கு என்று சொல்லிவிடுங்கள்.